மாஸ்டரின் கை இறங்கிய இடம்

ஒரு ரேடியோகிராமை விற்பதற்காக, ஒரு மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துவந்த பொறுப்பு அவர் கையைவிட்டுப் போகக் காரணமாக இருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடை எனக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாதவன் போலப் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

வால்வு வைத்த ரேடியோ செட்டுகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்கள். பழைய செட்டைத் திறந்து பழுதுபார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் எந்த வால்வுக்குப் பதில் எதைப் போடலாம், எங்கே உறுமல் வந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. நான் எழுதப்போவது புத்தகத்தில் இல்லாதது. செட்டைப் பற்றி நமக்கு எல்லாம் தெரிந்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கும்போது என்ன நடக்கும் என்பது.

இது இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. அப்பா மைசூர் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை, பட்டாளத்தார் குடியிருந்த கன்டோன்மென்ட்டில் ஒரு ரேடியோ கடையில் போய் நிற்கிறானே என்று அவருக்கு வருத்தம். எனக்கோ அந்தக் கடைதான் கல்லூரி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ரேடியோகிராம் என்பது ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த, ஒரு அலமாரி அளவுள்ள சாமான். அதைக் கடையில் கேட்டுவிட்டு யாரும் வாங்க மாட்டார்கள். வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். சில நாள் கேட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பி வரும். அந்த நாட்களில் செட்டை வீட்டுக்குப் பொருந்தும்படி சரிசெய்து கொடுப்பது என் வேலை.

அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். பெட்டியை மூலையில் வைத்தால் கீழ்க்குரல் வீங்கும். சுவரைவிட்டு ஒரு முழம் இழுத்தால் அடங்கும். கல் தரையில் சத்தம் தெறிக்கும். ஜமுக்காளம் விரித்தால் தணியும். இசைத்தட்டுக்கு எஃகு ஊசி போட்டால் பாட்டு பளிச்சென்று வரும்; மூங்கில் ஊசி போட்டால் குழையும். கடைசி வால்வைப் புதிதாக மாற்றினால் சில செட்டுகளுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த கர்வம் எனக்கு நிறைய உண்டு.

நான் சொல்லும் செட் ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. குறை செட்டில் இல்லை. ஒரு வீட்டில் மருமகளுக்குப் பெட்டியின் நிறம் பிடிக்கவில்லை. இன்னொரு வீட்டில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. எங்கள் கடைக்குச் சாமான் தூக்கும் முனியப்பன் பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவைச் சேர்ந்தவர். மூன்றாவது வீட்டுக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது, "இதுக்கு இன்னும் வரன் அமையல பாரு சாமி. நானும் ஊர் ஊரா தூக்கினு போய்க் காட்டறேன்," என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. "இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, நீ உள்ள ரிப்பேர் பெஞ்சுலயே உக்காந்துக்கோப்பா. வீடுங்களுக்கு நான் வேற ஆளை அனுப்பிக்கறேன்," என்றார்.

மூன்றாவது வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். வாங்குகிறவர் செல்வதுரை, ரயில்வே அலுவலகத்தில் வேலை. அவர் மனைவி எஸ்தர் பள்ளி ஆசிரியை. எஸ்தரின் அப்பா தேவசகாயம் அவர்களோடு இருந்தார். அந்தப் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைக்கக் கேட்டதில்லை, எல்லாருக்கும் மாஸ்டர். பக்கத்துத் தமிழ் சர்ச்சில் கொயர் என்னும் பாடகர் குழுவை நடத்தியவர். அந்தச் சர்ச்சில் பாடிய அம்மாக்களின் பிள்ளைகளும் அவரிடமே பாடக் கற்றார்கள். மனைவி போன பிறகு அவருக்கு வாரம் என்பது இரண்டு பயிற்சி நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் என்று எஸ்தர் ஒருமுறை சொன்னார். ரேடியோகிராமே அவருக்காகத்தான் வாங்க நினைத்தார்கள்.

முதல் நாள் ஒரு பெண் பாடிய கீர்த்தனைத் தட்டைப் போட்டுக் காட்டினேன். மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்தது.

"என்ன தம்பி, அந்தப் பொண்ணு வாய்ல துணிய வெச்சுக்கினு பாடற மாதிரி இருக்கு?"

டோன் குமிழை முழுக்கத் திருப்பினேன். எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டார். "அப்பா, கிறீச்சுனு இருக்குப்பா."

"எனக்கு இன்னும் துணி இருக்கு. கொஞ்சம் மெல்லிசுத் துணி. அவ்ளோதான்."

இரண்டாம் தடவை போனபோது பெட்டியை இடம் மாற்றினேன். ஊசியை மாற்றினேன். வால்வை மாற்றினேன். திரைச்சீலையைக்கூடக் கழற்றச் சொன்னேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு எடுக்கறதுக்கு முந்தி ஒரு மூச்சு வரணும் தம்பி. அது வரலை. மூச்சே இல்லாம எவ பாடுவா?"

"மாமா, செட்டு நல்லாதான் இருக்கு," என்றார் செல்வதுரை. "நீங்க சர்ச் ஆர்கனையே கேட்டுப் பழகிட்டீங்க."

"பழகினதனாலதான் சொல்றேன் மாப்பிள்ளை."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ரேடியோகிராமில் மூச்சு கேட்க வேண்டுமாம். பெட்டியில் இருந்த ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். என் அளவுகளின்படி அது குறையற்ற செட். இந்தக் கிழவருக்குக் குறை சொல்ல வேண்டும், சொல்கிறார் என்று முடிவு செய்தேன். இங்கேதான் முதல் தவறு. வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப ஒரே குறையை ஒரே சொல்லில் சொல்கிறார் என்றால் அது பிடிவாதம் இல்லை, அது தகவல். மாஸ்டர் எனக்கு மிகத் துல்லியமான தகவலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதை வசவாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை நான் சோதனைத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். உங்களில் சிலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் பாட்டு இருக்காது. வெறும் ஒலி. தடித்த உறுமலில் தொடங்கி, படிப்படியாக மேலே போய், கடைசியில் கொசு ரீங்காரம்போல் மெலிந்து முடியும். செட் எந்த ஒலியை விழுங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பணிமனையில் பயன்படுத்துவது. வரவேற்பறைக்கு வர வேண்டிய பொருளே அல்ல.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சர்ச் கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதனும் டீ குடிக்க வந்திருந்தார். ஆள் கூடுதலாக இருப்பது எனக்கு நல்லதாகவே பட்டது.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க," என்றேன். "கைய மேல தூக்கிக்கோங்க. சத்தம் எப்போ நிக்குதோ அப்போ இறக்குங்க. செட்டு எவ்ளோ தூரம் போகுதுன்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம்."

"பள்ளிக்கூடம் மாதிரி இருக்கே," என்று பாக்கியநாதன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். மாஸ்டரும் தூக்கினார். விளையாட்டில் சேர்ந்துகொண்ட குழந்தைபோல் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

ஊசியை வைத்தேன். உறுமல், பிறகு புல்லாங்குழல் போல, பிறகு விசில் போல ஒலி ஏறிக்கொண்டே போனது. பாதி தூரம்கூடப் போகவில்லை. மாஸ்டரின் கை மெல்ல இறங்கி மடியில் அமர்ந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. மற்றவர்கள் கைகள் மேலேயே இருந்தன. அறை முழுக்க விசில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல்.

செல்வதுரை கண்ணைத் திறந்தார். பாக்கியநாதன் திறந்தார். எஸ்தர் கடைசியாகத் திறந்து, தூக்கிய கையைக் கீழே இறக்கத் தெரியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராததால் மாஸ்டரும் கண்ணைத் திறந்தார். மற்றவர்களின் கைகளைப் பார்த்தார். சுழலும் தட்டைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஊசியை எடுத்தேன். "செட்டு சரியாதான் இருக்கு சார்," என்றேன், செல்வதுரையைப் பார்த்து.

வாசலில் பாக்கியநாதன் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, நீங்க படிச்சவங்க. அவ்ளோ பெரிய விசிலே கேக்கலைன்னா, பசங்க சுருதி தப்பினா மட்டும் இவருக்கு எப்படிக் கேக்கும்?"

நான் முதலில் சொன்ன கேள்வி இதுதான். விடை எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா? மாஸ்டரின் கை இறங்கிய இடம், கொயரில் மிக உயர்ந்த பெண் குரலான சோப்ரானோ எட்டக்கூடிய உச்சத்துக்கும் ஒரு ஸ்தாயி மேலே. மனிதர்கள் பாடும் சுருதி எதுவும் அங்கே இல்லை. அங்கே இருப்பது குரலின் பளபளப்பு: 'ஸ' என்ற சீறல், உதடு பிரியும் ஓசை, மூச்சு. மாஸ்டருக்கு வயதினால் அது மங்கியிருந்தது. சுருதி மங்கவில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். பளபளப்புதான் கேட்கவில்லை என்றால், துணி வைத்ததுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. உண்மை என்றால் என் வேலை முடியவில்லை. செல்வதுரை யோசிப்பார். முனியப்பன் மறுபடி வண்டி கொண்டுவருவார். நான் ரிப்பேர் பெஞ்சுக்குப் போவேன்.

"அதெல்லாம் டாக்டர்தான் சார் சொல்லணும்," என்றேன்.

அடுத்த நாள் செல்வதுரை செட்டை வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். முதலாளி எனக்கு பிஸ்கட்டோடு டீ வரவழைத்தார். "மாப்பிள்ள வூட்ல ஒத்துக்கினாங்களா? அப்பாடா," என்றார் முனியப்பன்.

இதைப் படிக்கும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நெருக்கடி என்றால் புகை வரும், செட் எரியும், வாடிக்கையாளர் கத்துவார் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடி ஒரு வாசலில், மரியாதையான குரலில், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. அது நெருக்கடி என்றே எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து எஸ்தர் இசைத்தட்டு ஊசி வாங்கக் கடைக்கு வந்தார். மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கமிட்டியில பொன்னாடை போத்தி ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க சார். இப்ப ஜெயராஜ்னு ஒரு பையன் கொயர் பாத்துக்கறான்." ஊசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே தொடர்ந்தார். "நீங்க அன்னைக்குக் கண்டுபிடிச்சதும் நல்லதாப் போச்சு. இல்லைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. தேங்க்ஸ் சார்."

"பாட்டு கேக்கறாரா?"

"ரேடியோ போட்டா எழுந்து பின்னாடி போயிடறார். வீட்ல பாடறதையும் விட்டுட்டார். சமைக்கும்போது நான் ஏதாவது பாடினா, சுருதி சரியா இருக்கான்னு கேப்பேன். 'எனக்கென்னம்மா தெரியும்'னுடறார்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். நன்றி சொன்னதால் வழியில்லாமல் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போனேன். மாஸ்டர் கொல்லைப்புறத்தில் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை நான் உங்களுக்குச் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். பாக்கியநாதன் கேட்டது, எனக்கு விடை தெரிந்தது, நான் சொல்லாதது. சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் நாற்காலியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "அன்னைக்கு என் கை எங்க இறங்குச்சு?"

"சோப்ரானோ உச்சத்துக்கு மேல மாஸ்டர். இன்னும் ஒரு ஸ்தாயி தாண்டி."

"அப்ப என் பசங்க பாடறது முழுக்க எனக்குக் கேட்டுக்கினுதான் இருந்துச்சு."

"ஆமா மாஸ்டர்."

"எனக்கே என் காது மேல சந்தேகம் வந்துடுச்சு தம்பி. கமிட்டி போகச் சொன்னதுகூடப் பரவாயில்லை. கடைசியா நடத்தின பயிற்சியில ஒரு பொண்ணு சுருதி ஏறிட்டா. ஏறினது அவளா, இல்ல என் காதுதானான்னு நின்னுட்டேன். சொல்லாம விட்டுட்டேன். அப்படி நான் நின்னதே கிடையாது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி. இதைச் சொல்லிட்டுப் போக வந்தியா, ஏதாவது செய்ய வந்தியா?"

"செய்ய வந்தேன்."

"அப்ப அழுகைய நிறுத்து. எனக்கு அந்த மூச்சக் கொண்டா. மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அப்புறம் பேசலாம்."

மூச்சைக் கொண்டுவருவது லேசாக இருக்கவில்லை. செட்டின் உயர் ஒலியைத் தூக்கினால் வீட்டில் மற்றவர்கள் இருக்க முடியாது. அதனால் ஒரு சிறிய மரப்பெட்டியில் தனியாக ஒரு வால்வு வைத்து, அதை ரேடியோகிராமோடு இணைத்து, மாஸ்டருக்கு மட்டும் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் கொடுத்தேன். பெட்டி கீழ் ஒலிகளை அப்படியே விட்டு, மேல் ஒலிகளை மட்டும் உயர்த்தும். வீட்டார் வழக்கம்போல் கேட்கலாம். அவர் அவருக்கு வேண்டியபடி கேட்கலாம்.

முதல் சனிக்கிழமை பெட்டி ஊளையிட்டது. மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி, "உன் நாயைக் கட்டிட்டு வா," என்றார். அடுத்த தடவை ஊளை போனது. ஊசியை வைத்ததும் அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மழையா?"

"இல்ல மாஸ்டர். அது தட்டுல ஊசி உரசற சத்தம். எல்லாருக்கும் கேக்கும்."

"எத்தனை வருஷமாச்சு அதைக் கேட்டு," என்றார். பாட்டு வந்ததும் முகம் சுளித்தார். "இது தகர டப்பாக்குள்ள பாடறா."

நான் அந்தப் பெட்டியை அளவுகோல் வைத்துச் சரிசெய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அளக்கும் கருவி கடையில் இருந்தது. நான் எடுத்துப் போகவில்லை. எனக்கு இருந்தவை மூன்று சொற்கள்தான். துணி என்றால் மேல் ஒலி போதவில்லை. மழை என்றால் அதிகம். தகரம் என்றால் உயர்த்தத் தொடங்கிய இடமே தவறு, இன்னும் மேலே தள்ள வேண்டும். வாரா வாரம் ஒரு சிறிய உறுப்பை மாற்றிச் சாலிடர் ஈயத்தால் பற்றவைத்துக் கொண்டுபோவேன். அவர் ஒரு சொல் சொல்வார். நான் அதைச் சுமந்துகொண்டு கடைக்குத் திரும்புவேன்.

செல்வதுரைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "வித்த செட்டுக்கு இவ்ளோ தடவை யாரும் வந்து நான் பாத்ததில்லை. எங்க மாமாவ வெச்சு ஆராய்ச்சி எதாவது பண்றீங்களா சார்?" என்றார். நான் அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. காபி மட்டும் வந்தது.

ஒரு சனிக்கிழமை அதே பெண்ணின் கீர்த்தனைத் தட்டைப் போட்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முன்னிசை முடிந்தது. பாட்டு தொடங்கவில்லை. அதற்குள் அவருடைய கை, முழங்கையிலிருந்து, தன்னால் மேலே எழுந்தது. பிறகுதான் குரல் வந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "இவ வயித்துலேர்ந்து மூச்சு எடுக்கலை. மேல்நெஞ்சுலேர்ந்து எடுக்கறா. அதான் கடைசி அடியில தள்ளாடறா," என்றார். எஸ்தர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். ஒருவர் பாடியதில் அப்பா குறை சொல்லி அவர் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

ஆனால் அது பாதிதான். நான் பறித்தது பாட்டு கேட்கும் சுகத்தை அல்ல. கமிட்டியிடம் போய்ச் சொல்லட்டுமா என்று மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன்.

"போ. என்னைக் கூப்பிடாதே."

கமிட்டி கூடிய நாளில் போய் நின்றேன். சோதனைத் தட்டு எதை அளக்கும், எதை அளக்காது என்று விளக்கினேன். பாக்கியநாதன் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். செட்டை விற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன் என்றும் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதனாலேயே சங்கடப்பட்டார்கள்.

பாக்கியநாதன்தான் முதலில் பேசினார். "நாங்களும் அவசரப்பட்டுட்டோம்னு வெச்சுக்கோங்க. ஆனா ஜெயராஜை வெச்சாச்சு. ஒண்ணு செய்யலாம். மாஸ்டரை வரச் சொல்லுங்க. ஆர்கன்ல சுருதி போட்டு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிடலாம். எல்லாருக்கும் திருப்தியாகிடும்."

ஜெயராஜ் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, இன்னொரு தரம் எவன் முன்னாடியும் நான் கையத் தூக்கிக்கினு உக்கார மாட்டேன். அதுல நான் பாஸாவேன். அது எனக்கும் தெரியும், இப்ப உனக்கும் தெரியும். போதும்."

நான் தோற்றுவிட்டதாகவே நினைத்து வீடு திரும்பினேன். அடுத்து நடந்தது நான் செய்ததல்ல. எஸ்தர் சொல்லிக் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஜெயராஜ் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான்.

"செவிடன்கிட்ட என்னடா கேக்க வந்தே?" என்றாராம் மாஸ்டர்.

"டெனர் பாடற ஆம்பளைங்கள்ல எவனோ சுருதி இறங்கறான் மாஸ்டர். எவன்னு பிடிக்க முடியலை. எனக்குக் கொசு பறக்கற சத்தம்கூடக் கேக்குது. இது கேக்க மாட்டேங்குது."

மாஸ்டர் சிரித்தாராம். வீடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாராம். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். பயிற்சியில் முன்னால் போக மறுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு அடி கேட்டார்.

"ரெண்டாவது வரிசை, எடது ஓரம். அவன் பாட்டுல தப்பில்லை, சளி பிடிச்சிருக்கு. வீட்டுக்கு அனுப்பு."

அதற்குப் பிறகு அந்தக் கடைசி பெஞ்சு அவருடையதாயிற்று. பொறுப்பு ஜெயராஜிடமே இருந்தது. கமிட்டி எந்தத் தீர்மானமும் போடவில்லை. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் கொயர் முழுக்க ஜெயராஜின் தலைக்கு மேலாக எட்டிக் கடைசி பெஞ்சைப் பார்க்கும் என்று எஸ்தர் சொன்னார். நான் செய்த தீங்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் நடத்தியிருக்க வேண்டிய அந்த மாதங்களின் பாட்டுகளை அவர் நடத்தவில்லை. அவற்றை நான் திருப்பித் தரவில்லை, தர முடியாது.

அந்தச் சோதனைத் தட்டை அதன்பின் நான் எந்த வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. செட் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடம், அறை எவ்வளவு பெரியது என்பதற்கு முன்னால், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார் என்று கேட்கத் தொடங்கினேன். அந்த நாற்காலியில் நானும் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் என்ன சொல்லால் குறை சொல்கிறாரோ அந்தச் சொல்லையே நானும் பயன்படுத்துவேன். முதலாளிக்கு இதில் நேரம் வீணாவதாகத் தோன்றியது. ஆனால் செட்டுகள் திரும்பி வருவது குறைந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். முனியப்பனுக்குத்தான் வருத்தம், திரும்பி வரும் பெட்டிக்கும் அவருக்குக் கூலி உண்டு.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எஸ்தர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் பின்வாசல் பக்கம் நின்றேன். எனக்கு முன்னால் கடைசி பெஞ்சில் மாஸ்டர், வெள்ளைக் கோட்டில். மேடையருகே ஜெயராஜ் கொயரின் முன்னால் நின்றான். ஆர்கன் ஓய்ந்தது. ஜெயராஜ் இரண்டு கைகளையும் உயர்த்தினான். கொயர் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது. அவர்கள் தோள்கள் ஏறியதைப் பார்த்தேன். அந்த மூச்சு சாதாரணமாகப் பாடுகிறவர்கள் எடுக்கும் மூச்சாக இல்லை. கட்டடத்தின் மறு கோடியில் மங்கிய காதுக்கும் கேட்க வேண்டும் என்று ஜெயராஜ் சொல்லிக்கொடுத்து எடுக்க வைத்த மூச்சு.

கடைசி பெஞ்சில் மாஸ்டரின் கை மேலே எழுந்தது. பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. இந்தத் தடவை நானும் மூடிக்கொண்டேன்.